துவாதசியில போனவரு

அந்தப் பஞ்சாங்கத்த மொதல்ல மூடி வைங்க சாமி. நான் திதி கேட்டு வரல. திதி எனக்குத் தெரியும். மார்கசிர மாசம், தேய்பிறை துவாதசி. அன்னிக்கு எங்க வீட்டுக்காரருக்கு மொத வருஷத் திவசம். நீங்க வந்து பிண்டம் வெச்சுக் குடுக்கணும், அவ்வளவுதான் நான் கேக்கறது. வர்றேன், வரலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா எங்க ஊரு பாங்கிக்குத் திரும்பற பஸ்ஸப் பிடிச்சுருவேன்.

ஆமா, கெட்ட நேரத்துலதான் உங்க வாசப்படி ஏறினேன். தெரியும். ஆத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து பஸ்ஸு அப்பத்தான் வருது, நான் என்ன பண்ண? டிரைவருகிட்டப் போயி, கொஞ்சம் நல்ல நேரமாப் பாத்து எடுப்பான்னா சொல்ல முடியும்? எங்க மூத்தாரு சொல்லுவாரு. சொல்லக்கூடிய ஆளுதான்.

எந்த மூத்தாரா? எங்க வீட்டுக்காரருக்கு ஒரே அண்ணன். அவரு பேர நான் வாயால சொல்லக்கூடாது, உங்களுக்குத் தெரியாததா. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அவரு முன்னாடி முக்காடு இல்லாம நின்னதில்ல, அவரு நெழல மிதிச்சதில்ல, நேருக்கு நேரா ஒரு வார்த்தை பேசினதில்ல. ஏதாச்சும் சொல்லணும்னா அவரு பொண்டாட்டிகிட்ட சொல்லணும். அவளும் இல்லன்னா செவுத்தப் பாத்துச் சொல்லணும். மாடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு செவுத்துகிட்ட சொல்லுவேன், அவரு எந்திரிச்சுப் போவாரு. இன்னிக்குச் சொல்றேன், கேட்டுக்குங்க. கைவல்ய கானுங்கோ. தா, சொல்லிட்டேன். நாக்கு ஒண்ணும் அழுகி விழல. வாயக் கழுவணும் போலத்தான் இருக்கு.

டீ எல்லாம் வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க. சரி, போட்டுட்டாங்கன்னா குடுக்கட்டும். பொரி வேண்டாம்.

எங்க குடும்பத்துக்குன்னு புரோகிதரு இல்லாமயா? இருக்காரு. அவருகிட்டத்தான் மொதல்ல போனேன். ஏகாதசில போன புண்ணியவாளன், அவருக்குத் துவாதசில திவசமா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சான்னு கேட்டாரு. உன் மூத்தாரு எல்லாம் சொல்லி வெச்சுட்டாரு, ஏகாதசிக்கு இலை, அரிசி, எள்ளு எல்லாத்துக்கும் ஏற்பாடு ஆயிருச்சு, நீ போயி அடுப்பப் பாருன்னாரு. அவரு மேல கோவமில்ல. அவருக்கு என்ன சொன்னாங்களோ அதத்தான அவரு நம்புவாரு.

எங்க மூத்தாருக்குச் செவுத்துல ரெண்டு ஆணி. ஒரு ஆணில ஒரு பஞ்சாங்கம், இன்னொரு ஆணில வேற கம்பெனிப் பஞ்சாங்கம். ஒண்ணு ஆகாதுன்னா இன்னொண்ணப் பாப்பாரு. ரெண்டும் ஆகாதுன்னா பிரம்மபூருல இருக்கற மச்சானுக்குப் போன் போட்டு அவன் வீட்டுப் பஞ்சாங்கத்தப் படிக்கச் சொல்லுவாரு. இப்ப கைப்போன்லயும் ஒண்ணு வெச்சிருக்காரு, காலைல அதுபாட்டுக்கு சங்கு ஊதுது. முடி வெட்டறதுக்குப் பாப்பாரு, நகம் வெட்டறதுக்குப் பாப்பாரு, புது லுங்கிய மடிப்புப் பிரிக்கறதுக்குப் பாப்பாரு. ஒரு தடவ கடவாப்பல்லு வீங்கி மூஞ்சி ஒரு பக்கம் பூசணிக்கா மாதிரி ஆயிருச்சு. செவ்வாக்கெழம ஆகாது, சனிக்கெழம ஆகாது, நடுவுல அமாவாசைன்னு தாடையப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. வீடு பூரா சீழ் நாத்தம். குந்தலா அக்கா, அதான் அவரு பொண்டாட்டி, சோறு போடறப்ப மூக்கப் பொத்திக்கிட்டுப் போடுவா.

இதெல்லாம் அவரு ஒடம்பு, அவரு பாடு, போகட்டும்னு விட்டுருவேன். ஆனா அந்த ஆளு பஞ்சாங்கத்த எப்பத் தேடுவாருங்கறதப் பாருங்க. தங்கச்சி வீட்ல அறுப்புக்கு ஆள் இல்ல, வந்து நில்லுங்கண்ணான்னு கூப்பிட்டா, தெக்குப் பக்கம் யோகினி நிக்குது, அந்தத் திசைல பயணம் ஆகாதும்பாரு. அதே தங்கச்சி கார்த்திக விரதம் முடிஞ்ச மறுநாளு கறி சமைச்சு வெச்சிருக்கேன்னா, யோகினி எங்க போச்சோ தெரியாது, விடியறதுக்கு முன்னாடியே குளிச்சுத் தலை சீவிக் கெளம்பிருவாரு. வேண்டாத வேலைக்கு மட்டும் நேரம் கூடாது. எனக்கு அதப் பாத்துப் பாத்தே குமட்டிப் போச்சு சாமி.

சிரிக்காதீங்க. இன்னும் இருக்கு. நல்ல நேரத்துல கெளம்ப முடியலன்னா நம்ம சாமானையாச்சும் முன்கூட்டியே அனுப்பி வெக்கலாம்னு ஒரு வழக்கம் இருக்கில்ல? குடையோ பையோ பக்கத்து வீட்ல கொண்டு போயி வெச்சுட்டா நாமளே கெளம்பின மாதிரின்னு. அவரு மகளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறதுக்காகச் செருப்ப அனுப்பினாரு. பக்கத்து வீட்டு நாயி ஒத்தச் செருப்பத் தூக்கிட்டுப் போயிருச்சு. மிச்ச ஒண்ணத் திருப்பி எடுத்துட்டு வந்தா பயணம் பாதில திரும்பின கணக்காம். வீட்ல வேற செருப்பும் போடக்கூடாதாம், ஏற்கனவே செருப்போட கெளம்பியாச்சாம். பெரிய மனுஷன், வெறுங்காலோட சம்பந்தி வீட்டுக்குப் போயி நின்னாரு. அவங்க என்னமோ வேண்டுதல்னு நெனச்சுக் கால் அலம்பத் தண்ணி குடுத்தாங்களாம்.

பஞ்சாங்கத்த நான் குத்தம் சொல்லல சாமி. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பொழப்பு அது. எனக்கும் அது இல்லாம ஆகாது. சாவித்திரி விரதத்துக்கு நாள் எப்பன்னு நானும் அதத்தான் பாத்தேன். வியாழக்கெழம லட்சுமி பூசைக்கு வாசல்ல மாவுக்கோலம் போடறவதான் நானும். நம்பிக்கை இல்லாதவ எதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறி உங்ககிட்ட வந்து, துவாதசில பிண்டம் வெச்சுக் குடுங்கன்னு கெஞ்சப் போறா? போனவரு எந்தத் திதில போனாரோ அந்தத் திதிலதான வாசலுக்கு வருவாரு? அவரு வராத நாள்ல இலை போட்டு வெச்சா யாரு திம்பா? அவரு வர்ற நாள்ல வீடு கூட்டித் தள்ளி, பாத்திரம் கவுத்து வெச்சிருந்தா பசியோட நின்னுட்டுத் திரும்பிருவாரே. உசுரோட இருந்தப்பவே எனக்குக் குடுன்னு வாயத் தெறந்து கேக்கத் தெரியாத மனுஷன். மீன் கொழம்புல வால்துண்டு விழுந்தா அதையே தின்னுட்டு எந்திரிச்சுருவாரு. அவரு போயி யாரு வாசல்ல நின்னு கேப்பாரு?

நீங்களும் அதான் கேப்பீங்கன்னு தெரியும். பாங்கி பூரா ஏகாதசின்னு சொல்லுது. எங்க மூத்தாரு டீக்கடைல ஒக்காந்துக்கிட்டு ஒரு வருஷமாச் சொல்லிட்டிருக்காரு. என் தம்பி பாக்கியசாலி, ஏகாதசில கண்ண மூடினான், நேரா வைகுண்டம்னு. கேக்கறவங்க ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிடறாங்க. என்னைப் பாத்தாலும் கும்பிடறாங்க சாமி. நீ குடுத்து வெச்சவ, உன் புருஷனுக்கு எப்படி ஒரு சாவுன்னு. கிணத்தடில, கடைவீதில, கல்யாண வீட்ல. வாயில முந்தானைய அடைச்சுக்கிட்டு நகந்துருவேன். பாவம், புருஷன நெனச்சு அழுவுறாம்பாங்க.

ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் கணக்கு வேறயாங்கறீங்களா? இல்ல. நீங்க நல்ல மனசோட கேக்கறீங்க, ஆனா அது இல்ல. அன்னிக்கு ரெண்டு பஞ்சாங்கமும் ஒண்ணாத்தான் சொல்லுச்சு. பொழுது சாயறதுக்கு முந்தி ஏகாதசி முடிஞ்சுருது, அப்புறம் துவாதசி. பஞ்சாங்கம் பொய் சொல்லல. இவங்கதான் பஞ்சாங்கத்துகிட்டயே பொய் சொன்னாங்க.

ம். சனிக்கெழமதான்.

கண்டுபிடிச்சுட்டீங்க. கையப் பின்னால இழுத்துக்கிறீங்களே. ஆமா சாமி, துவாதசி, சனிக்கெழம, நட்சத்திரமும் அதுக்குத் தோதா. மூணும் சேந்த புஷ்கரம். அதுல ஒருத்தரு போனா அதே வீட்ல இன்னும் மூணு பேரு பின்னாலயே போவாங்க, மாடு கன்னு மிஞ்சாது, மரம் கூடப் பட்டுப் போகும், வீட்டப் பூட்டிட்டு எல்லாரும் வெளிய போயிறணும், பெரிய சாந்தி பண்ணணும். எனக்கும் தெரியும். பயப்படாதீங்க. வருஷம் முடியப் போகுது, சாந்தி ஒண்ணும் பண்ணல, எங்க வீட்ல ஒருத்தருக்கும் ஒரு தும்மல் கூட வரல. மாடு கன்னு போட்டுச்சு. மூத்தாரு மகளுக்குப் பங்குனில கல்யாணம் ஆச்சு, இப்ப முழுகாம இருக்கா. அவ நல்ல பொண்ணு, அவ மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவளும் நல்லா இருக்கட்டும், அவ வயித்துல இருக்கறதும் நல்லா இருக்கட்டும்.

ஆனா அவ அப்பன் இருக்காரே. சொல்றேன்.

எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி போச்சு. மூச்சு வாங்க ஆரம்பிச்ச அன்னிக்கு, கட்டக் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எந்த நேரம் நல்லதுன்னு மூத்தாரு ஆணிலருந்து பஞ்சாங்கத்த எடுத்தாரு. அவரு பக்கத்தப் புரட்டி முடிக்கறதுக்குள்ள நான் ஆட்டோவக் கூப்பிட்டு இவர ஏத்திட்டேன். முக்காட்டக் கூடச் சரியா இழுக்கல. அந்தக் கோவம் அவருக்கு. அப்புறம் டாக்டருங்க கைய விரிச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னதும், ஆகாத நேரத்துல தூக்கிட்டுப் போனா, வேற எப்படித் திரும்புவான்னு குந்தலா அக்காகிட்ட சொன்னாரு, என் காதுல விழற மாதிரி. அன்னிலருந்து அந்த வீட்ல என் பேச்சு எடுபடல.

வீட்டுக்கு வந்து அவர உள்ரூமுத் தரைல பாய் போட்டுப் படுக்க வெச்சேன். பூரி ஜகந்நாதர் கோயில்லருந்து கொண்டு வந்த காஞ்ச பிரசாதம் ஒரு பருக்கை தண்ணில நனைச்சு நாக்குல வெச்சேன். என் மகன் சூரத்துல மில்லுல இருக்கான், போன் பண்ணியாச்சு, ரயில் ஏறிட்டான், ஆனா மறுநாளு சாயங்காலந்தான் வந்து சேருவான். நான் அவரு கையப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எங்க மூத்தாரு வாசப்படிக்கு அந்தப் பக்கம் நிக்கறாரு. நான் இருக்கற ரூமுக்குள்ள அவரு வரக்கூடாதில்ல, மரியாதை! கைல பஞ்சாங்கம். வெரல ஒரு வரில வெச்சு மடக்கிப் பிடிச்சிருக்காரு. நிமிஷத்துக்கொரு தரம் பொண்டாட்டியக் கேக்கறாரு, இன்னும் இருக்கான்னு. பானைல சோறு இன்னும் இருக்கான்னு கேப்போமே, அந்த மாதிரி. இருக்குங்கறா அவ. வெளிய போயி வெயிலப் பாக்கறாரு, வர்றாரு. இன்னும் இருக்கா? இருக்கு.

தம்பி பொழைப்பானாங்கற கவலை இல்ல சாமி அது. தம்பி நேரத்துக்குப் போயிருவானாங்கற கவலை. புஷ்கரத்துல போயிட்டா அடுத்தது யாரு? வீட்டுக்குப் பெரியவரு, இவருதான. அப்புறம் மக கல்யாணம் வேற. அவரு நெத்தில வேர்த்து ஒழுகுது. மார்கசிரப் பனில.

அக்கம் பக்கத்துல கேட்டா மத்தியானமே அழுகைச் சத்தம் கேட்டுச்சும்பாங்க. நீங்க விசாரிச்சாலும் அதத்தான் சொல்லுவாங்க. பொய் இல்ல. கேட்டுச்சு. ஏகாதசி இருக்கறப்பத்தான் கேட்டுச்சு, டீக்கடைல மத்தியானத்து வடை போட்டுட்டிருந்தாங்க. அதுக்குத்தான அழுததே, ஊரு கேக்கணும்னு.

என்ன புரியல? அவரு சாகல சாமி. அழுதப்ப அவரு சாகல.

வரிசையாவே சொல்றேன். மூத்தாரு பொண்டாட்டியப் பாத்துத் தலையாட்டினாரு. அவ என்னைப் பாத்தா. நான் சொன்னேன், அக்கா, மூச்சு இருக்கு, தா பாருங்க, என் வெரலப் பிடிச்சிருக்காருன்னேன். அவ வாசப்படியப் பாத்தா. அவரு வெளிலருந்தே சொன்னாரு, அது மூச்சில்ல, வெறும் காத்து, சும்மா இருக்கச் சொல்லுன்னு. எனக்குச் சொன்னதுதான், அவகிட்டச் சொன்னாரு. நான் திருப்பி அவருகிட்டப் பேச முடியாது. செவுத்தப் பாத்துக் கத்தினேன், இவரு உசுரோட இருக்காருன்னு. வெளிய யாருக்குக் கேக்கப் போகுது? அதுக்குள்ள குந்தலா அக்கா ஆரம்பிச்சுட்டா. அவ தொண்டை பெரிய தொண்டை. மார்ல அடிச்சுக்கிட்டு, ஐயோ போயிட்டீங்களான்னு தெருவே கூடற மாதிரி. அழுதுக்கிட்டே என்கிட்ட வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சு வாசப்படில இடிச்சு வளையல ஒடச்சா. அவ முந்தானையாலயே என் நெத்திக் குங்குமத்த அழிச்சா. வர்றவங்க பாக்கறப்பக் குங்குமத்தோட ஒக்காந்திருந்தா சந்தேகம் வருமில்ல? அவ கண்ணுல நெசமாவே தண்ணி வந்துச்சு, அது எதுக்குன்னு அவளுக்குத்தான் தெரியும்.

பொம்பளைங்க கூடிட்டாங்க. மூத்தாரு நடுமுத்தத்துல நின்னுக்கிட்டு, மகன் வரணும், யாரும் உள்ள போயித் தொடாதீங்கன்னு தடுத்துட்டாரு. நேரத்த மட்டும் எல்லாருக்கும் சொல்றாரு. ஏகாதசி, ஏகாதசி, சரியா ஏகாதசில போனான்னு. நாயி தூக்கிட்டுப் போன அந்தச் செருப்பு மாதிரி, ஆளு கெளம்பறதுக்கு முன்னாடியே அழுகைய அனுப்பி வெச்சாச்சு. தூ. மன்னிச்சுக்கங்க, உங்க வீட்டு முத்தத்துல துப்பிட்டேன், எந்திரிச்சுப் போறப்பத் தண்ணி ஊத்திட்டுப் போறேன்.

எங்க வீட்டுக்காரரு விளக்கு வெக்கற நேரம் வரைக்கும் உசுரோட இருந்தாரு. வெளிய சனம் நெறஞ்சிருக்கு, மூங்கில் வெட்டற சத்தம் கேக்குது, உள்ள நானும் அவரும். அன்னிக்கே ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டாங்க. ராத்திரி வெக்கக் கூடாதுன்னு சொல்லி, மகன் வர்றவரைக்கும் காக்காம, மூத்தாருதான் கொள்ளி வெச்சாரு. என் மகனுக்கு இது எதுவும் தெரியாது. நாளன்னிக்கு ஊருக்கு வர்றான். உங்க வாயாலயும் அவனுக்குத் தெரிய வேண்டாம், கானுங்கோ வீட்ல இன்னொரு சாவு விழும். புஷ்கரத்தால இல்ல.

இல்ல சாமி, பிரமை இல்ல. கை வெறச்சத நான் தப்பா நெனக்கல. எனக்கு எப்படி அவ்வளவு உறுதியாத் தெரியும்னா, அவரு பேசினாரு.

அந்த அழுகைல கண்ணு முழிச்சாரு. ரெண்டு நாளாத் தெறக்காத கண்ணு. காது குடுத்துக் கேட்டாரு. குந்தலா அக்கா கொரல் யாருக்குத்தான் தெரியாது? அண்ணி ஏன் இப்படி அழுவுறாங்க, அண்ணனுக்கு என்னன்னு கேட்டாரு. நான் முக்காட்ட இழுத்து நெத்திய மூடிக்கிட்டேன். கை ரெண்டையும் சேலைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன். வேற என்னத்தச் சொல்லுவேன்? அழுவறது உங்களுக்காகன்னா? ஆமாங்க, அண்ணன் போயிட்டாருன்னு சொன்னேன். அந்த ஆளுக்காக எங்க வீட்டுக்காரரு அழுதாரு சாமி. என்னைத் தூக்கு, என்னைக் கொண்டு போயி அண்ணன் கால்ல விடுன்னு அழுதாரு. எந்திரிக்கறதுக்குப் பாயப் பிடிச்சுக்கிட்டே, அழுதுக்கிட்டேதான் போனாரு.

அதான் சொல்றேன். துவாதசிக்கு வந்துருங்க.